காட்டின்மேல் தொடுத்த போர்

ஒரு நகரை நெடுநாள் முற்றுகையிட்டாலும் அதன் கனிமரங்களில் கோடரி வைக்கலாகாது என்று உபாகமம் 20ஆம் அதிகாரம் விதிக்கிறது. மரம் பகைவன் அல்ல என்பதே அதன் நியாயம். கனி தராத மரங்களை முற்றுகை வேலைக்கு வெட்ட அதே சட்டம் இடம் தருகிறது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

கண்டியிலோ காடே பகைவனாக எண்ணப்பட்டது. காரணம் உண்டு. கண்டி அரசர்களுக்குக் காடுதான் கோட்டைமதில். பாதைகளை அகலப்படுத்த அவர்கள் விடவில்லை; குறுக்கே முட்கதவுகள் அமைத்துக் காவல் வைத்தார்கள். 1803இல் நகரைப் பிடித்த ஆங்கிலப் படை, காய்ச்சலாலும் முற்றுகையாலும் நலிந்து, சில மாதங்களிலேயே சரணடைந்தது. 1815இல் பிரதானிகளின் துணையோடுதான் கண்டி வீழ்ந்தது. 1817–18 கிளர்ச்சியை அடக்கியபோது ஊவாவில் வீடுகளும் பயிர்களும் எரிக்கப்பட்டன. கனிமரங்களும் தப்பவில்லை.

ஆனால் பெரிய அழிவு துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னரே வந்தது. வாட்டர்லூ போரில் நின்ற படைவீரரான தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ், மீண்டும் கிளர்ச்சி எழுந்தால் படை விரைந்து செல்வதற்காக, 1820களில் கொழும்பு–கண்டி வீதியை அமைத்தார். கடுகண்ணாவையில் பாறையையே குடைந்தார்கள். படைக்குப் போட்ட பாதையில் கோப்பி வண்டிகள் இறங்கின. பார்ன்ஸ் தாமே கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார்! 1840ஆம் ஆண்டுச் சட்டம், உரிமைப் பத்திரம் இல்லாத காட்டை முடிக்குரியதாகக் கருதியது. ஏக்கர் 5 ஷில்லிங் விலையில் அது விற்கப்பட்டது. வாங்கியவர்களில் படை அதிகாரிகளும் நீதிபதிகளும் இருந்தனர். ஏன், மதகுருக்களும் இருந்தனர்.

மரங்களைச் சாய்த்ததில் சிங்களக் கிராமத்தவரின் கோடரிக்குப் பெரும் பங்குண்டு. எரிந்து கருகிய சரிவில் குழி வெட்டியதும், கன்று நட்டதும், பழம் பறித்ததும் தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாய் வந்த நம் முன்னோர். வழியிலேயே மாண்டவர் எத்தனை பேரோ!

1983 முதல் 2009 வரை நடந்த போரில் காவலரண்களுக்காக வடக்கில் பனைகள் வெட்டப்பட்டதை நம் குடும்பங்கள் நன்கறியும். பனையை மீண்டும் நடலாம், வளரும்வரை காத்திருக்கலாம். கண்டி மலைகளுக்கு அந்த அவகாசமும் கிடைக்கவில்லை. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது, அதே சரிவுகளில் தேயிலை ஏறிவிட்டது. மேல்மண் மழைதோறும் மகாவலியில் இறங்குகிறது. பழைய காட்டின் சாயலை நகருக்குள்ளேயே பார்க்க விரும்புவோருக்கு, தலதா மாளிகைக்குப் பின்னே, அரசர்கள் தமக்கென்று ஒதுக்கி வைத்திருந்த உடவத்தைக் காடு இருக்கிறது.