விழப்போகும் பல் என்று விட்டுவிடாதே

அன்புள்ள தங்கைக்கு,

விஜயபுரத்தில் கிளினிக் திறக்கப் போகிறாய் என்று கேட்டதில் மகிழ்ச்சி. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகள் உன்னிடம் வருவார்கள். கூட வரும் பெரியவர்கள் எந்த மொழியில் பேசினாலும் கேட்பது ஒன்றுதான்: "எப்படியும் விழப்போற பல்லுதானே, எதுக்கு அடைக்கணும்?"

அவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல். இரண்டாம் பால் கடைவாய்ப் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. அதை முன்கூட்டியே பிடுங்கினால், ஆறு வயதில் முளைக்கும் நிலையான கடைவாய்ப் பல் முன்னால் நகர்ந்து, அடுத்து வரவேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அதே அலட்சியம் நம் தொழிலுக்குள்ளும் இருக்கிறது, அதுதான் என் கவலை. சின்னப் பல், சின்ன வேலை என்று அவசரமாகக் காம்போசிட் பிசினை வைக்கிறார்கள். சில மாதத்தில் அது கழன்று வந்ததும் பழி பிசின்மேல் விழுகிறது. பெரும்பாலும் குற்றம் பிசினுடையது அல்ல, அது ஒட்டிய பரப்பினுடையது.

பால் பல்லின் எனாமல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான், நிலைப் பல்லில் இருப்பதில் பாதி. அதன் வெளித்தோலில் கனிமப் படிகங்கள் தண்டுகளாகப் பிரியாமல் ஒரே சீராக அடுக்கியிருக்கும். பிசின் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் நுண்குழிகளை அமிலம் அங்கே எளிதில் உண்டாக்குவதில்லை. 1955இல் பல் மருத்துவ ஆய்வாளர் பியூனோகோர் 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் 30 விநாடி வைத்து, பிசின் பிடிப்பு கூடுவதைக் காட்டினார். பின்னாளில் இந்த வெளித்தோலுக்கு அஞ்சி, பால் பல்லுக்கு 120 விநாடி வேண்டும் என்று பாடம் சொன்னார்கள். அவ்வளவு நேரம் தேவையில்லை என்று அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. பர் கொண்டு மேற்பரப்பை லேசாகச் சுரண்டிவிட்டு, 37 சதவீத அமில ஜெல்லை 20, 30 விநாடி வைத்தால் போதும். எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் தெரியும் இடத்தில் 15 விநாடியோடு நிறுத்து. கழுவிக் காயவைத்தபின் எனாமல் சுண்ணாம்பு வெண்மையாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மேலே போகாதே.

தனி அமிலம் வேண்டாத செல்ஃப் எட்ச் பாண்டிங், அழும் குழந்தையிடம் ஒரு படியை மிச்சப்படுத்தும். ஆனால் அதன் மென்மையான அமிலம் சுரண்டாத எனாமலில் ஆழமாக இறங்காது. விளிம்பு எனாமலுக்கு மட்டுமாவது முதலில் ஜெல் வை. அந்த அரை நிமிடத்தைக் குழந்தையிடம் கேட்டு வாங்கத் தெரிந்தவள்தான் நல்ல பல் மருத்துவர் என்பேன்.

எல்லாவற்றிலும் பெரிய எதிரி எச்சில். எட்ச் செய்த பரப்பில் எச்சில் பட்டுவிட்டால், துடைத்துவிட்டுத் தொடராதே. கழுவி, மறுபடி சில விநாடி ஜெல் வைத்து, மறுபடி காயவை. ரப்பர் டேம் போடப் பழகு. இன்னொன்று, பலர் கவனிக்காதது: கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் ஈரமும் வரும். தினமும் காலையில் சிரிஞ்சைக் கண்ணாடிமேல் ஊதிப் பார். படலம் படிந்தால் வடிகட்டியைச் சரிசெய்த பிறகே முதல் குழந்தையைக் கூப்பிடு.

உலர்த்தவே முடியாத வாய்களும் உண்டு. மூன்று வயதுக் குழந்தை உதறுகிறது, ஈறோரம் ரத்தம் கசிகிறது என்றால் அங்கே பிசின்மேல் பிடிவாதம் வேண்டாம். கிளாஸ் அயனோமர் ஈரத்தைக் கொஞ்சம் பொறுக்கும், பல்லோடு வேதிப் பிணைப்பாலேயே ஒட்டும். பல பரப்புகள் சொத்தையான கடைவாய்ப் பல்லுக்கு ஸ்டீல் கிரௌன் போடு. வெள்ளையாக இல்லையே என்று தாய் வருந்துவார். அது கழலாமல் இருப்பதன் பலனை அவருக்கு விளக்கிச் சொல்.

உன் ஊர் கோடைக்கு ஓர் எச்சரிக்கை. பாண்டிங் புட்டியைக் குளிர்பெட்டியில் வை. வெளியே எடுத்ததும் அறை வெப்பத்துக்கு வரவிடு. துளி விட்ட கையோடு மூடிவிடு, இல்லையேல் அதிலுள்ள ஆல்கஹாலோ அசிட்டோனோ பறந்துபோய் மருந்து கெட்டியாகிவிடும். காலாவதித் தேதியை உதவியாளரிடம் விடாமல் நீயே பார்.

அன்புடன்,
உன் அக்கா