தோட்டத்துக் கதையை எழுதி வைக்க ஐந்து கருவிகள்



கேமரன் மலைத் தேயிலையைப் பற்றி இணையத்தில் தேடினால், 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார் என்று உடனே வந்துவிடும். அந்தச் சரிவில் செடி நட்டு, கொழுந்து கிள்ளிய நம்ம பாட்டன் பாட்டி பெயரைத் தேடிப் பாருங்க. லேசில் கிடைக்காது. லெம்பா பெர்த்தாமில் இருக்கிற எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போகிறார்கள். கோயில் எப்படி வந்தது, முதல் திருவிழாவை யார் நடத்தினார்கள் என்று சொல்லத் தெரிந்த பெரியவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். இனி நாம்தான் எழுத வேண்டும். அதற்கு உதவும் ஐந்து கருவிகள் இதோ.

1. தட்டச்சு

கணினிக்கு முரசு அஞ்சல், கைப்பேசிக்குச் செல்லினம். இரண்டும் நம் மலேசியர் முத்து நெடுமாறன் உருவாக்கியவை. ஆங்கில விசைகளில் ஒலியைத் தட்டினால் தமிழ் எழுத்து வரும். ஐபோனில் 2013 முதல் அஞ்சல் விசைப்பலகை உள்ளேயே இருக்கு; அமைப்பில் போய்ச் சேர்த்தால் போதும். பெரியவர்கள் பேசும்போது முதலில் ஒலிப்பதிவு செய்யுங்க. மலை மறைத்து லைன் கிடைக்காத இடத்திலும் அது வேலை செய்யும். வீட்டுக்கு வந்து நிதானமாகத் தட்டலாம்.

2. எழுத்துரு மாற்றி

கோயிலின் பழைய கோப்புகள் பாமினி போன்ற எழுத்துருவில் இருக்கலாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் வழியாக யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

3. படத்திலிருந்து எழுத்து

பழைய குடமுழுக்கு மலரின் பக்கங்களைத் தெளிவாகப் படம் பிடியுங்க. கணினியில் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால், படத்துக்குக் கீழே எழுத்தாகவே வரும். ண, ன குழம்பியிருக்கும். மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் வெளியிட வேண்டாம்.

4. சரிபார்க்க

தேவாரம் எழுதும்போது நினைவை நம்பாதீங்க. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பாடல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சொல்லில் சந்தேகம் வந்தால், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இருக்கு. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடலாம்.

5. காப்பாற்ற

இணையத்தில் போட்டுவிட்டால் என்றைக்கும் இருக்கும் என்று நினைக்காதீங்க. யாகூ நிறுவனம் 2009-இல் ஜியோசிட்டீஸை மூடியபோது லட்சக்கணக்கான பக்கங்கள் போயின. இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்றவர்கள் எடுத்து வைத்திருந்த பக்கங்கள்தான் மிஞ்சின. அவர்களுடைய 'வேபேக் மெஷின்' தளத்தில் உங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் சேமித்தால் ஒரு படி அங்கே தங்கும். ஒலிப்பதிவையும் படங்களையும் வீட்டில் இன்னொரு வட்டில் வையுங்கள்.

ஒரு விஷயத்தை எந்தக் கருவியும் செய்து தராது. ஒருவர் சொன்னதையும் படத்தையும் வெளியிடுமுன் அவரிடம் அனுமதி கேட்க வேண்டியது நம் பொறுப்பு. வீட்டுச் சண்டை, கடன் கதையெல்லாம் வேண்டாம்.

இம்மாதப் பயிற்சி: உங்கள் தோட்டத்தில் மூத்த ஒருவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஆண்டு வந்தீங்க? என்ன வேலை செய்தீங்க? கோயிலில் முதலில் பார்த்த திருவிழா எது? பதிலைப் பத்து வரியில் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அவரே திருத்துவார். அடுத்த இளைஞர் வகுப்புக்கு அந்தப் பத்து வரியோடு வாங்க.