மேசைமேல் ஒரு மலைநாடு

1933-ஆம் ஆண்டு வெளிவந்த ‘கிங் காங்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில், மாபெரும் குரங்கு ஒன்று அடர்ந்த காட்டில் உலவுகிறது. காட்டுக் காட்சிகளில் நடித்த அந்தக் ‘குரங்கு’ சுமார் 18 அங்குல உயரமுள்ள பொம்மைதான்! வில்லிஸ் ஓ’பிரையன் குழுவினர் பொம்மையைச் சிறிது அசைப்பார்கள், ஒரு படம் எடுப்பார்கள், மீண்டும் அசைப்பார்கள். விநாடிக்கு 24 படங்கள் வீதம் திரையிட்டபோது பொம்மை உயிர்பெற்றது.

பொம்மை சரி, காடு? அதுவும் மேசைமேல் அமைக்கப்பட்டதே. சிறிய அமைப்பைப் பரந்த வெளி என்று நம் கண் எளிதில் நம்பிவிடாது. அதை நம்ப வைக்கும் இயற்பியலைக் காண்போம்.

நாம் 1:16 என்னும் அளவில் ஒரு மலைநாட்டை அமைப்பதாகக் கொள்வோம். 16 மீட்டர் உயரத் தென்னை 1 மீட்டராகிவிடும்; 160 செ.மீ. உயர மனிதன் 10 செ.மீ. பொம்மையாவான். தெர்மோகோல் பாறைகளும் வண்ணம் ஏற்றிய மரத்தூள் புல்லும் போதும். உயிருள்ள செடிகள் வேண்டாம். படப்பிடிப்பு நாள்கணக்கில் நீளும். அதற்குள் இலைகள் வாடித் துவளும். திரையில் அவை நெளிவதுபோல் தோன்றும்.

வெயில்

சூரியன் சுமார் 15 கோடி கி.மீ. தொலைவில் உள்ளது. ஆகவே ஒரு வயலின் இரு கோடிகளிலும் வெயில் ஒன்றுபோலவே இருக்கும். நிழல்கள் இணையாக விழும். நம் மேசையின் நீளம் 2 மீட்டர் எனில், அருகுமுனையிலிருந்து 1 மீட்டரில் விளக்கை வைத்தால் என்ன ஆகும்? ஒளிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். மறுமுனை 3 மீட்டரில் உள்ளது. எனவே அங்கு ஒளி ஒன்பதில் ஒரு பங்கே! நிழல்களும் விசிறிபோல் விரியும். பிரகாசமான விளக்கை 6 மீட்டர் தள்ளி வைத்தால் இரு முனைகளின் ஒளி விகிதம் 1.8 மட்டுமே. விளக்கு விலக விலக, அது சூரியனை ஒத்ததாகிறது.

தொலைவு

100 மீட்டருக்கு அப்பால் நிற்கும் 10 மீட்டர் மரமும், 1 மீட்டரில் நிற்கும் 10 செ.மீ. மரமும் காமிராவில் ஒரே கோணத்தையே உண்டாக்கும். ஆகவே பின்னால் செல்லச் செல்ல மரங்களைச் சிறிதாக்கி, பாதையையும் குறுக்கினால், 2 மீட்டர் மேசை நெடுந்தொலைவாகத் தோன்றும்.

இது மட்டும் போதாது. தொலைவு மலைகள் வெளிறி நீலமாகத் தெரிவதற்கு, இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறச் செய்வதே காரணம். 2 மீட்டர் காற்று இதைச் செய்ய இயலாது. எனவே பின்மலைகளுக்கு வெளிர்நீலம் பூசவேண்டும். அல்லது இடையில் மெல்லிய வலைத்துணியைக் கட்டவேண்டும். ‘கிங் காங்’ குழுவினர் கண்ணாடித் தகடுகளில் காட்டை வரைந்து, ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி இந்த ஆழத்தைப் பெற்றனர்.

கூர்மை

காமிரா அருகில் இருக்கும்போது முன்மரம் தெளிவாகவும் பின்மலை மங்கலாகவும் விழும். உடனே ‘இது பொம்மை’ என்று கண் கண்டுகொள்ளும். லென்சின் துவார விட்டத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்தால் தெளிவு கூடும். ஆனால் ஒளி பதினாறில் ஒன்றாகக் குறையும். ஒளிபடும் நேரத்தை 16 மடங்காக்கி இதை ஈடுசெய்யலாம். பொம்மைதான் அசையாமல் நிற்கிறதே!

காலம்

20 மீட்டர் மலையுச்சியிலிருந்து ஒரு பாறை விழுகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொண்டால், அது தரையை அடைய 2 விநாடி, அதாவது 48 படங்கள் ஆகும். நம் மலையின் உயரம் 125 செ.மீ. அதிலிருந்து கல்லைத் தானே விழவிட்டால் அரை விநாடியில், 12 படங்களிலேயே விழுந்துவிடும். பார்ப்பவருக்கு அது கூழாங்கல்லாகவே தோன்றும். ஆகவே கல்லை மெல்லிய கம்பியில் கட்டி நாமே இறக்கவேண்டும். சம தூரங்களாக இறக்கினால் பாறை மின்தூக்கிபோல் இறங்கும். விழுந்த தூரம் காலத்தின் இருமடிக்கு நேர்விகிதம் அல்லவா? எனவே 12-ஆம் படத்தில் 7.8, 24-இல் 31.3, 36-இல் 70.3, 48-இல் 125 செ.மீ. என அது இறங்கியிருக்க வேண்டும்.

இனி ஒரு கேள்வி. அதே மலையை 1:25 அளவில் அமைத்தால் எத்தனை படங்கள் தேவை? மலையின் உயரம் 80 செ.மீ. ஆகக் குறையும், படங்கள் அப்போதும் 48 தான். ஏன் என்பதை நீங்களே சிந்தித்து விளக்குங்கள்.