டீசல் பிக்கப்பா, கேஸ் பிக்கப்பா? கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஊர்ல டீசல் விலை பெட்ரோலைவிடக் குறைவு. அதனால வீட்டுப் பெரியவங்க "டீசல்தான் சிக்கனம்"னு சொல்வாங்க. கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் தலைகீழ்.

முதலில் இழுவை. சான்டா கிளாராவிலிருந்து டாஹோ போக, ஐ-80-ல் டானர் சம்மிட் 7,200 அடிக்கு மேல் ஏறணும். டர்போ இல்லாத கேஸ் எஞ்சின் ஆயிரம் அடிக்கு சுமார் 3% சக்தியை இழக்கும். உச்சியில் ஐந்தில் ஒரு பங்கு காலி. டர்போ டீசலுக்கு அந்த இழப்பு மிகக் குறைவு. இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்கும் கைகொடுக்கும்.

அடுத்து பணம். ஹெவி டியூட்டி பிக்கப்பில் டீசல் எஞ்சினுக்கு சுமார் 10,000 டாலர் கூடுதல். உதாரணத்துக்கு வருஷம் 12,000 மைல் வச்சுக்குவோம்.

கேஸ்: கேலனுக்கு 12 மைல், விலை 5 டாலர். செலவு 5,000 டாலர்.
டீசல்: 16 மைல், 5.60 டாலர். செலவு 4,200 டாலர்.

மிச்சம் 800. போட்ட காசை எடுக்கவே பன்னிரண்டரை வருஷம்! டிஇஎஃப் திரவம், ஃபில்டர் செலவு தனி. தினமும் நாலு மைல் ஆபீஸ் ஓட்டம் மட்டும்னா, புகை வடிகட்டி போதுமான அளவு சூடாகாமல் அடைச்சுக்கும்.

இது ப்ரீப்ராசசிங் மாதிரிதான்: முன்செலவு அதிகம், அடிக்கடி பயன்படுத்தினாதான் லாபம். மாசாமாசம் கனமான ட்ரெய்லரோட மலை ஏறுறவங்களுக்கு டீசல். வருஷத்துக்கு ரெண்டு தடவைன்னா கேஸே போதும். உங்க மைலையும் இன்றைய விலையையும் போட்டு, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒருமுறை கணக்கு பாருங்க.