ஈர்ப்பு விதிக்கு இரு தேர்வுகள்

மாணவர்களே! சூலக்கரையில் ஒரே அளவு மருந்திட்ட இரு புஸ்வாணங்களைக் கொளுத்துவோம். இருமடங்கு தொலைவிலுள்ளது கால்பங்கு ஒளியுடனே தெரியும். ஆகவே, ஒளியைக் கொண்டு தொலைவை அறியலாம்.

வெள்ளைக் குள்ள விண்மீன், சந்திரசேகர் 1930களில் கண்ட நிறை வரம்பை (சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு) நெருங்கி வெடிக்கையில் ஏறத்தாழ ஒரே அளவு ஒளி வீசும்.

1998-இல் இத்தகைய தொலைதூர வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தெரிந்தன. அண்டம் வரவர விரைந்து விரிகிறது! காரணம் இருண்ட ஆற்றலா? ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டுமா?

திருத்திய விதிகள் சில இம்மங்கலுக்குச் சரியாகவே கணக்குக் காட்டின. ஆனால் 2017-இல், நியூட்ரான் விண்மீன் மோதலில் பிறந்து 13 கோடி ஆண்டுகள் பயணித்த ஈர்ப்பலையும் காமாக் கதிரும் 1.7 வினாடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. வேகம் வேறுபடும் என்ற விதிகள் வீழ்ந்தன. ஒரு தேர்வில் தேறினால் போதாது!