ஆடியிலேயே டொமைன் வாங்குங்கள்

புது டொமைன் வாங்கி மூன்றாவது நாள், தீபாவளித் தள்ளுபடி அறிவிப்பை எட்டாயிரம் பேருக்கு ஒரே மதியத்தில் அனுப்பினேன். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. திறந்து பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதுகூடப் பரவாயில்லை. மறுவாரம் கணக்குப் பிரிவிலிருந்து போன்: "தம்பி, நாங்க அனுப்புற பில்லெல்லாம் ஸ்பாம்ல போய் விழுதாம். பில்லே வரலைன்னு பார்ட்டி பணம் போட மாட்டேங்கிறாங்க." விளம்பரமும் பில்லும் ஒரே டொமைனிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தன.

ஸ்பாம் அனுப்புகிறவர்கள் ஒரு டொமைனை வாங்கி, சில நாள் அடித்துத் தள்ளிவிட்டு, பெயர் கெட்டதும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை வாங்குவார்கள். அதனால் புது டொமைன் என்றாலே வடிகட்டிகளுக்குச் சந்தேகம். இணையத்தில் முதன்முதலாகத் தலைகாட்டும் டொமைன்களுக்கென்றே ஸ்பாம்ஹாஸ் அமைப்பு தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. எனவே விளம்பரம் அனுப்பும் நாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே டொமைனை வாங்கிவிடுங்கள். அதில் ஒரு வலைத்தளத்தைப் போடுங்கள். அலுவலகத்தின் அன்றாடக் கடிதப் போக்குவரத்து கொஞ்ச நாள் அதில் நடக்கட்டும். விளம்பரத்துக்கு மட்டும் ஒரு துணை டொமைன் பிரித்துக்கொள்ளுங்கள். துணை டொமைனில் செய்யும் தவறு தாய் டொமைனையும் ஓரளவு பாதிக்கும்தான். ஆனாலும் பில் தப்பிப் பிழைக்க வழி இருக்கும்.

அடுத்து, டி.என்.எஸ்-இல் மூன்று பதிவுகள். இந்த டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்.பி.எஃப். மெயிலில் நீங்கள் போடும் டிஜிட்டல் கையொப்பம் டிகிம். இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்லிவைப்பது டிமார்க். எஸ்.பி.எஃப். பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். மெயில் சேவையை மாற்றும்போது பழையதை விட்டுவிட்டு இன்னொன்றைச் சேர்ப்பவர்கள் அதிகம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அதற்குள் பத்துக்கு மேல் டி.என்.எஸ். தேடல்கள் போனாலும் இதே கதிதான்.

பலர் கோட்டைவிடும் இடம் வேறு. வெளி மெயில் சேவை வழியாக அனுப்பும்போது எஸ்.பி.எஃப். தேர்ச்சி பல நேரம் அந்தச் சேவையின் டொமைனுக்குப் போய்விடும், உங்களுக்கு வராது. டிமார்க் பார்ப்பது, அனுப்புநர் முகவரியில் தெரியும் டொமைனோடு அது பொருந்துகிறதா என்பதை. ஆகவே டிகிம் கையொப்பம் கண்டிப்பாக உங்கள் டொமைன் பெயரிலேயே இருக்கட்டும். எல்லாம் முடிந்ததும் உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி, 'ஷோ ஒரிஜினல்' அழுத்திப் பாருங்கள். மூன்றுக்கும் 'பாஸ்' வரும்வரை வெளியாளுக்கு ஒரு மெயில்கூடப் போகக் கூடாது.

இவை இப்போது விதிகளாகவே ஆகிவிட்டன. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கூகுள் கட்டாயமாக்கியது. யாஹூவும் கூடவே வந்தது. மைக்ரோசாஃப்ட் அவுட்லுக் 2025 மே மாதம் சேர்ந்துகொண்டது. விளம்பர மெயிலிலிருந்து ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும், விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்கிவிட வேண்டும் என்பதும் கூகுளின் நிபந்தனை. ஸ்பாம் புகார் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3-ஐத் தொடவே கூடாது. ஆயிரம் பேரின் இன்பாக்ஸில் சேர்ந்த மெயிலை மூன்று பேர் 'ஸ்பாம்' என்று அழுத்தினால் 0.3 வந்துவிட்டது. மூன்றே பேர்!

"விலகும் பொத்தானைக் கொஞ்சம் சின்னதா, அடியில வை" என்று மேனேஜர் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். விலக வழி தெரியாதவர் ஸ்பாம் பொத்தானைத்தான் தேடுவார். மெயில் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை மறைத்துவிடும்; அடியில் வைத்த பொத்தானும் அதோடு போய்விடும். 'இலவசம்' என்ற சொல்லைப் போட்டாலே ஸ்பாம்தான் என்ற பழைய பயத்தை விட்டுவிடலாம். சுருக்கிய இணைப்புகளைத்தான் தவிருங்கள். அந்தச் சுருக்கு டொமைனை உங்களோடு எத்தனை மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

இனி அனுப்பும் முறை. முதல் நாள் ஐம்பது பேர் போதும். போன மாதம் உங்களிடம் வாங்கியவர்கள், மெயில் போட்டால் பதில் போடுபவர்கள், இவர்கள்தான் முதல் ஐம்பது. ஒரு கேள்வி கேட்டு எழுதுங்கள். வரும் பதில் ஒவ்வொன்றும் உங்கள் டொமைனுக்கு நற்சான்றிதழ். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை எண்ணிக்கையை இரட்டிப்பாக்கலாம். இது என் அனுபவக் கணக்கு, எல்லோருக்கும் பொருந்தும் அட்டவணை என்று ஒன்று கிடையாது. திரும்பி வரும் மெயில்களோ புகாரோ கூடினால் அந்த எண்ணிக்கையிலேயே ஒரு வாரம் நில்லுங்கள். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் இலவசம்தான், டொமைனை அதில் சேர்த்துவிடுங்கள். ஆனால் ஐம்பது, நூறு அனுப்பும் நாட்களில் அது எதையும் காட்டாது.

இந்தப் பொறுமை இல்லாதவர்களுக்காகவே, பொய்க் கணக்குகளை வைத்து ஒருவர் மெயிலை ஒருவர் திறந்து 'சூடேற்றித் தரும்' சேவைகள் வந்திருக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. உங்கள் மெயிலை விரும்பிப் படிக்கும் ஒரு வாடிக்கையாளரைக்கூட அந்தப் பொய்க் கணக்குகள் பிடித்துத் தராது.

முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்கவே வாங்காதீர்கள். ஸ்பாம் அனுப்புபவர்களைப் பிடிப்பதற்காகவே வைத்திருக்கும் பொறி முகவரிகள் அதில் கிடக்கும். கண்காட்சியில் சேர்ந்த விசிட்டிங் கார்டு கட்டும் சம்மதம் ஆகாது. அவர்களுக்குத் தனித்தனியாக இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். சரி என்றவரை மட்டும் சேருங்கள். ஆறு மாதமாக எதையும் திறக்காதவர்களை மனசாட்சி உறுத்தாமல் எடுத்துவிடுங்கள்.

எங்கள் பில்கள் மறுபடி இன்பாக்ஸில் விழ நான்கு மாதம் ஆயிற்று. மறு தீபாவளிக்கு எட்டாயிரம் முகவரியில் ஆயிரத்துச் சொச்சம்தான் மிச்சம். ஆர்டர் முந்தைய ஆண்டைவிட அதிகம். உங்களுக்கும் ஐப்பசியில் விளம்பரம் போக வேண்டுமென்றால் ஆடியிலேயே டொமைனை வாங்கிவிடுங்கள். ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று முதலாளி சொன்னால், ஆனியிலேயே.