நன்னடத்தைக் கண்காணிப்பும் கல்வியும்

தொட்டியத்தில் பத்தொன்பது வயதுடைய இளைஞன் ஒருவன், பிறர் தோட்டத்து வாழைத்தார்கள் இரண்டை இரவில் வெட்டிச்சென்று விற்றுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது, முன்னர் அவன்மீது வழக்கேதும் இல்லை. நீதிபதி யாது செய்தல் வேண்டும்? சிறைக்கு அனுப்பினால், பழங்குற்றவாளிகளின் கூட்டுறவு அவனுக்கு வாய்க்கும். வாளா விடுத்தாலோ, தோட்டக்காரன் நெஞ்சம் புழுங்கும். இவ்விரண்டிற்கும் நடுவேயுள்ள வழியையே நன்னடத்தைக் கண்காணிப்பு என்கிறோம்.

இவ்வழியைத் தொடங்கிவைத்தவர் சட்ட அறிஞர் அல்லர். அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரிலே காலணி தைத்து வாழ்ந்த ஜான் அகஸ்டஸ் என்பார், 1841-ஆம் ஆண்டில், குடியாற் கெட்ட ஒருவனுக்குத் தாமே பிணை நின்று, அவனைத் திருத்தி, மீண்டும் நீதிமன்றத்தின் முன் நிறுத்தினார். சென்னை மாகாணத்தில் 1936-ஆம் ஆண்டு இதற்கெனச் சட்டம் இயற்றப்பெற்றது. பாரத நாட்டுச் சட்டம் 1958-இல் வந்தது. இச்சட்டத்தின்படி, நாம் கூறிய இளைஞனைப்போல் இருபத்தொரு வயது நிரம்பாதவனைச் சிறையிலிடக் கருதும் நீதிமன்றம், முதலில் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்று ஆராய்தல் வேண்டும்; சிறையே தக்கதெனத் துணிந்தால் அதற்குரிய காரணத்தை எழுதுதலும் வேண்டும். வெளியே விடப்பெறுவோன், மூன்றாண்டுக்கு மேற்படாத காலம் நன்னடத்தையோடு வாழ்வதாகப் பத்திரம் எழுதிக்கொடுப்பான். அவனைக் கண்காணிப்பதும், வேண்டுமிடத்து அவனுக்கு வேலை தேட உதவுவதும் அவ்வலுவலரின் கடமைகளாம்.

ஆகவே, ஓர் இளைஞனின் எதிர்காலம் பெரும்பாலும் அவ்வறிக்கையைப் பற்றி நிற்கிறது. தாயின் கண்ணீர் கண்டு இரங்கி, உள்ளதை மறைத்து எழுதுதல் நீதிமன்றத்திற்குச் செய்யும் வஞ்சனை. ஊரார் பழிச்சொல்லை ஆராயாது நம்பி எழுதுதல் அவ்விளைஞனுக்குச் செய்யும் கொடுமை. இரக்கமும் ஆராய்ச்சியும் ஒருங்கே உடையவரே இப்பணிக்கு உரியவர். இரக்கம் இயல்பாய் அமையலாம். ஆராயும் திறனோ கற்றே பெறுதற்குரியது.

இவ்வுண்மையை உணர்ந்து செயலாற்றியோருள் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். 1909-இல் உதகமண்டலத்தில் பார்சிக் குடும்பமொன்றிற் பிறந்த இவர், 1935-இல் கணவரை இழந்தார். இளம் மகனோடு தனித்து நின்ற அம்மையார், துயரத்துள் அடங்கிவிடாமல், சென்னையில் கில்டு ஆப் சர்வீஸ் என்னும் தொண்டர் கழகத்தின் வழியே பிறர் துயர் துடைக்கப் புகுந்தார். சிறார் நீதிமன்றத்தில் கௌரவ மாஜிஸ்திரேட்டாகவும் அமர்ந்தார். தொண்டு செய்வோர்க்கு நல்லெண்ணம் மட்டும் போதாது, முறையான பயிற்சியும் வேண்டும் எனத் தெளிந்து, 1952-இல் சென்னைச் சமூகப்பணிப் பள்ளியைத் தோற்றுவித்தார். எழும்பூரில் இன்றும் விளங்கும் அந்நிலையம், நூலறிவோடு களப்பயிற்சியையும் இணைத்து மாணவரைப் பயிற்றுகிறது. 1956-இல் சென்னை ஷெரீப் பதவியும், 1975-இல் பத்மவிபூஷண் விருதும் அம்மையாரை அடைந்தன. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. நூலறிவு தொண்டிற்கு வழிகாட்டுகிறது. தொண்டோ நூலிற் காணாதவற்றைக் கற்பிக்கிறது. நன்னடத்தை அலுவலர் ஏறும் ஒவ்வொரு வாசற்படியும் அவருக்கு ஒரு புதிய பாடம். ஒரு வீட்டில் வறுமையும், மற்றொன்றில் தந்தையின் குடியும், பிறிதொன்றில் தீய நட்பும் குற்றத்திற்குக் காரணமாய் இருக்கும். நேற்றைய விடையை இன்றைய வினாவிற்கு எழுதுதல் அங்கே இயலாது. பட்டம் பெற்ற நாளே கல்வி முடிந்த நாள் என எண்ணுவோர்க்கு இத்தொழில் பொருந்தாது.

மாணவ நண்பர்களே! உங்களிற் சிலர் நாளை நீதிபதியாகலாம், சிலர் ஆசிரியராகலாம், சிலர் வாழைத்தோட்டத்திற்கு உடையவராகவும் இருக்கலாம். தொட்டியத்து இளைஞனைப் போன்றான் ஒருவன் உங்கள்முன் தலைகவிழ்ந்து நிற்கும் நாளில், 'இவன் செய்தது என்ன?' என்பதோடு நில்லாது, 'இவன் இனி என்ன ஆகக்கூடும்?' என்றும் வினவுங்கள். அவ்வினாவிற்கு விடைகாணக் கற்பதே கல்வியின் பெரும் பயனாகும்.